சென்னைல இருந்து ரெண்டு நாள் பைக் ட்ரிப், அருவியும் வேணும் ஏரியும் வேணும்: ஜவ்வாதா, ஏற்காடா, கொல்லியா, ஒகேனக்கலா?

மழை ரெண்டு தடவ பேஞ்சு வெயில் கொஞ்சம் தணிஞ்சா போதும், குரூப்ல யாராவது ஒருத்தர் "வீக்எண்ட் எங்கயாச்சும் பைக்ல போலாமா, ஃபால்ஸ் இருக்கணும், லேக் இருக்கணும்"னு ஆரம்பிச்சுடுவாங்க. உடனே ஒருத்தர் கொடைக்கானல்பார், ஒருத்தர் வால்பாறைம்பார், இன்னொருத்தர் அதிரப்பள்ளி ஃபோட்டோ ஒண்ண தட்டி விடுவார், பேசிட்டே இருக்கும்போது சனிக்கிழமை வந்துடும், யாரும் வீட்ட விட்டு கிளம்பியிருக்க மாட்டாங்க. அதனால சென்னைல இருந்து கிளம்புறவங்க, சனி ஞாயிறு ரெண்டே நாள், சாதாரண 150 சிசி வண்டி, பின்னாடி ஒரு ஆள், இத வெச்சுப் பாத்தா எது தேறும் எது தேறாதுன்னு எனக்குத் தோணுறத எழுதுறேன்.

கழிக்க வேண்டியத முதல்ல கழிச்சுடலாம். கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல, போறதுக்கு ஒரு நாள் வர்றதுக்கு ஒரு நாள்னு போயிடும், நடுவுல ஏரிய ஒரு சுத்து சுத்தவே நேரம் இருக்காது. போதாக்குறைக்கு 2024 மே 7-லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துடுச்சு, 2025 கோடையில வாரக்கடைசிக்கு நீலகிரிக்கு 8000 வண்டி, கொடைக்கானலுக்கு 6000 வண்டின்னு ஹைகோர்ட் எண்ணிக்கையே போட்டுடுச்சு. வால்பாறை அருமையான ரோடு, ஆழியாறு அணைல ஆரம்பிச்சு 40 ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), மேல சோலையாறு அணை, ஆனா அது கோயமுத்தூர்க்காரங்களுக்கு ரெண்டு நாள் ட்ரிப், நமக்கு நாலு நாள். குத்தாலமும் அதே கதைதான். சீசன் நேரத்துல ட்ரெய்ன்ல தென்காசி போய் இறங்குங்க, பைக்க வீட்ல விடுங்க.

மிச்சம் இருக்கிறத ரெண்டு வட்டமா பிரிக்கலாம். முதல் வட்டம் வாணியம்பாடி பக்கம், சென்னைல இருந்து சுமாரா 200லருந்து 240 கிலோமீட்டர், ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இதுல வரும். ரெண்டாவது வட்டம் சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கம், 340லருந்து 370 கிலோமீட்டர், ஏற்காடு, கொல்லிமலை, ஒகேனக்கல் மூணும் இதுல.

இந்த 130 கிலோமீட்டர் வித்தியாசம் மேப்ல பாத்தா ஒண்ணும் பெரிசா தெரியாது, சீட்ல உக்காந்தாதான் தெரியும். ஹைவேல 80-ல போனாலும் டீக்கு நிறுத்தி, பெட்ரோலுக்கு நிறுத்தி, பின்னாடி இருக்கிறவங்க இடுப்பு வலிக்குதுன்னு நிறுத்தி, கடைசில பாத்தா சராசரி மணிக்கு 50-தான் வரும். முதல் வட்டத்துக்கு அஞ்சு மணி நேரம் போக அஞ்சு மணி நேரம் வர. ரெண்டாவது வட்டத்துக்கு ஏழு மணி நேரம், அப்புறம் மலை ஏற ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், திரும்பி வரும்போதும் அதே. ரெண்டு நாள்லயும் சேத்து வெளிச்சம் இருக்கிற நேரமே 24 மணி நேரம்தான், அதுல 17 மணி நேரம் ரோட்லயே போனா அருவிக்கும் ஏரிக்கும் சாப்பாட்டுக்கும் சேத்து ஏழு மணி நேரம் மிஞ்சும். எது பெரிய அருவின்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒருதடவ போட்டுப் பாருங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சுடும்.

அடுத்தது தண்ணி. இத யாரும் யோசிக்கிறதில்ல. ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு, கொல்லி எல்லாமே கிழக்குத் தொடர்ச்சி மலை, குத்தாலம் மாதிரி ஜூன் மாசமே பொங்கிட்டு வராது. ஆகஸ்ட் செப்டம்பர்ல சாயங்காலம் சாயங்காலம் இடி மழை பேயும், அதுல அருவி உசுரு பிடிக்கும், அப்புறம் அக்டோபர் நடுவுல வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் நல்லா ஓடும், ஜனவரில இளைக்கும், மார்ச்ல போனா பாறைதான். மே மாசம் லீவு இருக்கேன்னு குடும்பத்தோட போய் காஞ்ச பாறைக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்கள ஒவ்வொரு வருஷமும் பாக்கலாம். ஒகேனக்கல் மட்டும் விதிவிலக்கு, அதுக்குத் தண்ணி கர்நாடகாவுல பேயுற மழையில இருந்து வருது, அதனால இங்க சொட்டு மழை இல்லாத ஜூலை மாசத்துலயும் அங்க கரைபுரண்டு ஓடும்.

ஆனா அருவி நல்லா இருக்கிற நேரம்தான் ரோடு மோசமா இருக்கிற நேரமும். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்போ ஏற்காடு மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே மாறிப்போச்சு. மழை பெருசா அடிச்சா அருவிக்கும் இறங்க விடமாட்டாங்க. அதனால நல்ல மழை ஓஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு வர்ற வாரக்கடைசிதான் சரியான வாரம். புயல் சின்னம், ஆரஞ்சு அலர்ட்டுன்னு ஏதாவது காதுல விழுந்தா அந்த வாரம் வீட்ல பஜ்ஜி போட்டு சாப்பிடுங்க.

ஜவ்வாது மலை

என் ஓட்டு இதுக்குத்தான், இப்பவே சொல்லிடுறேன். இங்க இருக்கிற பீமன் அருவி சின்னது. கொல்லிமலைல ஆகாய கங்கைய பாத்துட்டு வந்து இத பாத்தா "இவ்ளோதானா"ன்னு இருக்கும். கோமுட்டேரி ஏரியும் சின்னதுதான், ஒரு படகுத்துறை, சுத்தி மரம், அவ்ளோதான். ஆனா ரெண்டுமே மலை மேல இருக்கிற ஊரான ஜமுனாமரத்தூர்ல இருந்து கூப்பிடு தூரம், ரெண்டுக்கும் முன்னாடி உக்கார உங்களுக்கு நேரம் இருக்கும், நாலு மத்தியில ரெண்டு நாள்ல அந்த நேரத்த தர்றது இது ஒண்ணுதான்.

இதுல பெரிய லாபம் என்னன்னா போன வழியில திரும்பி வர வேண்டியதில்ல. சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு கிளம்பி ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடில ஹைவேய விட்டு இறங்கணும். ஆம்பூர்ல எதுக்கு நிறுத்துவீங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா பிரியாணிய அளவா சாப்பிடுங்க, அதுக்கப்புறம்தான் மலை. வாணியம்பாடில இருந்து ஆலங்காயம், ஆலங்காயத்துல இருந்து காவலூர், காவலூர்ல இருந்து ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் தாண்டினதும் லாரி சத்தம் நின்னுடும், ரெண்டு பக்கமும் காடு, வளைவுகள் பெருசா பயமுறுத்தாது, மூணாவது நாலாவது கியர்லயே ஆட்டி ஆட்டி போகலாம். ஹேர்பின்ல வித்தை காட்டணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சப்புன்னு இருக்கும், புதுசா மலை ஓட்டுறவங்களுக்கும் பின்னாடி ஆள் வெச்சு ஓட்டுறவங்களுக்கும் இதுதான் நிம்மதி.

நடுவுல வர்ற காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அங்க இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லருந்து வானத்த பாத்துட்டு இருக்கு, சனிக்கிழமைல பொதுமக்களையும் உள்ள விடுவாங்க. சனிக்கிழமை நீங்க அந்த வழியாத்தான் போறீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிச்சுட்டு போனா இது இனாமா கிடைக்கிற ஐட்டம். அருவி ஏரின்னு போற ட்ரிப்ல இத சேத்ததுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, முக்கியமா கூட பசங்க வந்தா.

மதியம் மேல போய் சேந்துடலாம், சாயங்காலம் பீமன் அருவி. தண்ணி இருக்கும்போது பாறையில படர்ந்து வழிஞ்சு ஒரு குட்டையில விழும், குளிக்கிறவங்க குளிக்கலாம், பாறை மேல பாசி இருக்கும், ஷூவோட ஏறாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு, படகுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி கோமுட்டேரி கரைக்குப் போங்க. தண்ணி மேல முழங்கால் உயரத்துக்கு பனி நிக்கும், மறு கரையில ஆடு ஓட்டிட்டு போறவர் கூப்பிடுற குரல் தண்ணிய தாண்டி வந்து பக்கத்துல பேசுற மாதிரி கேக்கும். பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் கட்டின வேன் ஒண்ணு வந்துடும், அதுக்குள்ள எழுந்துடுங்க.

குறை இல்லாம இல்ல. ரூம் ரொம்ப கம்மி, முன்னாடியே போன் போட்டு சொல்லலைன்னா திருப்பத்தூருக்கோ போளூருக்கோ இறங்கி வந்துதான் படுக்கணும். கடை எட்டு மணிக்கெல்லாம் மூடிடும். டவர் கிடைக்கும் கிடைக்காது, மேப்ப டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. பெட்ரோல வாணியம்பாடிலயே நிரப்பிடுங்க. குளிருக்காக போறவங்க ஏமாந்து போவாங்க, ஏற்காடு அளவுக்கு உயரம் இல்ல. வரும்போது சாமையும் தேனும் வாங்கிட்டு வரலாம், மலைல விளையுறது.

ஏலகிரி பத்தி ரெண்டு வரி

முதல் வட்டத்துலயே ஏலகிரியும் இருக்கேன்னு கேப்பீங்க. 14 ஹேர்பின், ஒவ்வொண்ணுக்கும் புலவர் பேரும் வள்ளல் பேரும் வெச்சிருக்காங்க, கம்பர், கபிலர், பாரி, ஓரின்னு படிச்சுக்கிட்டே ஏறலாம், ரோடு நல்லா இருக்கும், ரூமுக்கு பஞ்சமே இல்ல. ஆனா மேல இருக்கிற புங்கனூர் ஏரி வெட்டின ஏரி, சுத்தி வேலி, பூங்கா, ஐஸ்கிரீம் வண்டி. ஜலகாம்பாறை அருவி ஏலகிரிக்கு பின்பக்கம் கீழ இருக்கு, மலைய விட்டு இறங்கி திருப்பத்தூர் வழியா சுத்திப் போகணும், அதையும் மழைக்கப்புறம் போனாத்தான் பாக்க முடியும். ஏலகிரி ஒரு நாள்ல போயிட்டு வர்ற இடம். ஜமுனாமரத்தூர்ல ரூம் கிடைக்கலைன்னா இங்க தங்கிட்டு மறுநாள் ஆலங்காயம் வழியா ஜவ்வாது ஏறிக்கலாம், அந்த வகையில உதவும்.

ஏற்காடு

ஏரி மட்டும்தான் முக்கியம்னா கேள்வியே இல்ல, ஏற்காடுதான். 1500 மீட்டர் உயரத்துல ஊருக்கு நடுவுல ஏரி, படகு சவாரி இருக்கு, கரையிலயே ஹோட்டல் இருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்வெட்டர் வேணும். வயசானவங்கள பின்னாடி வெச்சு ஓட்டிட்டு போறீங்கன்னாலும் இதுதான் சௌகரியம், ஏன்னா எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஆஸ்பத்திரி பெட்ரோல் பங்க் எதுக்கும் அலைய வேண்டாம்.

அருவி விஷயத்துலதான் இது இழுக்கும். கிளியூர் அருவி 300 அடி, ஏரில இருந்து மூணு கிலோமீட்டர்தான், ஏரி நிரம்பி வழியிற தண்ணிதான் அங்க போய் விழுது. இத புரிஞ்சுக்கிட்டா ஒரு சௌகரியம் இருக்கு. முதல்ல ஏரிக்குப் போங்க, தண்ணி கரை தொட்டு நிக்குதா, வழிஞ்சு ஓடுதான்னு பாருங்க. அங்க தண்ணி இறங்கிக் கிடந்தா கிளியூருக்கு படி இறங்கி மூச்சு வாங்க ஏறுறது வேஸ்ட், அந்த நேரத்துல லூப் ரோட்ல போயிடுங்க. 32 கிலோமீட்டர், ஏரில ஆரம்பிச்சு காபி தோட்டம் வழியா சுத்தி ஏரிலயே வந்து முடியும். ஏற்காட்ல பைக் ஓட்டுறவனுக்குன்னு ஒண்ணு இருக்குன்னா அது இந்த ரோடுதான், கார்க்காரங்க பகோடா பாயிண்ட்லயே நின்னு மிளகா பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருப்பாங்க, இந்தப் பக்கம் கூட்டம் கம்மி. சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழ காபிச்செடி, ரோட்ல வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். அந்த நிழல்லதான் ஈரம் காயாம இருக்கும், வளைவுல பிரேக் பிடிக்கிறத அங்க பாத்து பிடிங்க.

மேல ஏற ரெண்டு வழி. எல்லாரும் சேலத்துக்குள்ள போய் கோரிமேடு வழியா 20 ஹேர்பின் ஏறுவாங்க. சென்னைல இருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியா வர்றவங்களுக்கு சேலத்துக்குள்ளயே போக வேண்டாம், அயோத்தியாப்பட்டினத்துல திரும்பி குப்பனூர் ரோட புடிச்சா நேரா மேல போயிடலாம். ரோடு கொஞ்சம் குறுகல், ஆனா வண்டி கம்மி. மே மாசம் கோடை விழா நேரத்துல மட்டும் ஏற ஒரு ரோடு இறங்க ஒரு ரோடுன்னு போலீஸ் மாத்தி விடுவாங்க, அப்ப சொல்ற வழில போங்க. அந்த நேரத்துல போகாம இருந்தா இன்னும் நல்லது.

சென்னை டு சேலம்தான் இதுல பெரிய தலைவலி. திண்டிவனம், விழுப்புரம் வரைக்கும் பிரச்சனை இல்ல, உளுந்தூர்பேட்டைல திரும்பினதும் வர்ற ரோடு, நாலு லேன்ல சொகுசா வந்துட்டே இருக்கும்போது பைபாஸ்ல ரெண்டு லேனா சுருங்கி எதிர்ல பஸ் வர்றதுக்குப் பேர் போன ரோடு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடிச்சு தூக்கக் கலக்கத்துல இந்த ரோட்ல போறது எனக்கு சுத்தமா பிடிக்காத யோசனை. விடியக்காலைல நாலு மணிக்கு கிளம்புங்க, வெளிச்சத்துல கள்ளக்குறிச்சி தாண்டுங்க.

கொல்லிமலை

அருவின்னா கொல்லிதான், மத்த மூணும் பக்கத்துல வர முடியாது. ஒகேனக்கல்ல தண்ணி அதிகம், அது வேற ரகம், காவிரி முழுசா பாறை இடுக்குல இறங்குறது. ஆகாய கங்கை ஒரே தாரையா மேல இருந்து விழுறது, 300 அடி, ஐயாறுங்கிற ஆறு அந்த இடத்துல மலைய விட்டு குதிக்குது. மேல பரந்த மேட்டு நிலம், அதுல பேஞ்ச மழை எல்லாம் ஐயாத்துல சேந்து வர்றதால மழை நின்னதுக்கப்புறமும் மத்த அருவிங்கள விட அதிக நாள் தாங்கும்.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கு மேல படி இறங்கணும். இறங்கும்போது எல்லாருக்கும் உற்சாகமாத்தான் இருக்கும், படி ஒவ்வொண்ணும் ஒரே உயரம் கிடையாது, சில இடம் செங்குத்தா இருக்கும், பாதில முட்டி லேசா நடுங்க ஆரம்பிக்கும். கடைசி வளைவு திரும்புறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும், அப்புறம் சாரல். கீழ போய் நின்னா பேசுறது எதுவும் கேக்காது, மூணு பக்கமும் பாறைச் சுவர், தண்ணி விழுற வேகத்துல காத்தே உருவாகி நேரா மூஞ்சில அறையும், கண்ண முழுசா திறக்க முடியாது, ரெண்டு நிமிஷத்துல சட்டை பிழியுற அளவுக்கு நனைஞ்சுடும், இத்தனைக்கும் நீங்க தண்ணில இறங்கவே இல்ல. ஃபோன் வெளிய எடுக்கணும்னா பிளாஸ்டிக் கவர் போட்டு எடுங்க. திரும்பி ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, முட்டி வலி இருக்கிறவங்கள ஆசைப்பட்டு கூட்டிட்டு போகாதீங்க, கீழ இருந்து தூக்கிட்டு வர வேற வழி கிடையாது. சாயங்காலம் லேட்டா போய் நின்னா இறங்கவே விடமாட்டாங்க.

ரோடு பத்தி சொல்லணும்னா காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 ஹேர்பின், ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கும். முதல் இருபது ஜாலி, நாப்பதுக்கு மேல கை வலிக்கும், பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு தலை சுத்தும். பஸ் மேல இருந்து வந்தா வளைவு முழுசும் அதுக்குத்தான், உள்பக்கம் நுழைஞ்சு ஓவர்டேக் பண்ணலாம்னு கனவுலயும் நினைக்காதீங்க, ஒரு வளைவு கீழயே நின்னு வழி விட்டுடுங்க. ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியா இன்னொரு ரோடு இருக்கு, வளைவு குறைச்சல், கிறுகிறுப்பு வர்றவங்கள கூட்டிட்டு போனா அதுல ஏறுங்க.

ஏரிதான் கொல்லிக்கு இல்லாத குறை. வாசலூர்பட்டில ஒரு படகு இல்லம் இருக்கு, சின்னது, அதுக்காக யாரும் கொல்லிமலைக்கு போறதில்ல. ஆடி 18 சமயத்துல வல்வில் ஓரி விழா நடக்கும், அப்ப ஊரே மேல இருக்கும், ரூம் கிடைக்காது. மத்த நாள்ல வாழை, அன்னாசி, பலா, மிளகுன்னு சந்தைல வாங்க நிறைய இருக்கு, ஆனா பைக்ல பலாப்பழத்த எங்க கட்டுவீங்கன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

ரெண்டு நாள்ல கொல்லி முடியுமா? முடியும். சனிக்கிழமை சாயங்காலம் போய் சேந்து படுத்துட்டு, ஞாயிறு காலைல முதல் ஆளா படி இறங்கி ஏறி, பத்து பதினோரு மணிக்கு 70 ஹேர்பின் இறங்கி, நடுங்குற காலோட ஏழு மணி நேரம் சென்னை வரைக்கும் ஓட்டணும். இருபத்தஞ்சு வயசுல செய்யலாம். திங்கக்கிழமை லீவு போட முடிஞ்சா நான் கண்ண மூடிட்டு கொல்லிக்குத்தான் ஓட்டு போடுவேன், முடியலைன்னா இல்ல.

ஒகேனக்கல், கூடவே மேட்டூர்

இது மலை ட்ரிப்பே இல்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம் வழியா போகணும், கடைசில கொஞ்ச தூரம் காட்டுக்குள்ள இறக்கம், அவ்ளோதான். பரிசல், எண்ணெய் மசாஜ், கண்ணு முன்னாடி பொரிச்சுத் தர்ற மீன், எல்லாம் உண்டு, கூட்டமும் உண்டு. குளிர்ச்சியான அமைதி தேடிப் போறவங்களுக்கு ஆகாது, நண்பர்கள் கூட்டமா போய் குளிச்சு சாப்பிட்டு கத்திட்டு வர்றதுக்கு இத விட்டா வேற இடம் இல்ல.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நம்பர் பாக்கணும், காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுல எத்தனை கனஅடி தண்ணி வருதுன்னு. தினமும் பேப்பர்ல வரும், டிவில ஓடும். கர்நாடகாவுல கபினி அணையும் கேஆர்எஸ் அணையும் நிரம்பி திறந்து விட்டாங்கன்னா பரிசலும் குளியலும் நிறுத்திடுவாங்க, நீங்க மேல நின்னு செம்மண் கலர் தண்ணிய பாத்துட்டு வரலாம். 2024 ஜூலை கடைசில நீர்வரத்து லட்சம் கனஅடிய தாண்டிடுச்சு, அதே வாரத்துல மேட்டூர் அணையும் 120 அடி நிரம்பிச்சு. அந்த மாதிரி வாரத்துல ஒகேனக்கல விட்டுட்டு மேட்டூர் மட்டும் போனாலே பாக்க வேண்டியத பாத்துடலாம், உபரி நீர் திறக்கிற 16 கண் மதகு அப்பத்தான் உயிரோட இருக்கும்.

மேட்டூர ஏரின்னு சொல்லலாமான்னு கேக்கலாம், 1934-ல கட்டி முடிச்ச அணை, 93 டிஎம்சிக்கு மேல பிடிக்கும், ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு பேரு. ஏற்காடு ஏரி மாதிரி கரையோரம் பெஞ்ச் போட்ட இடம் கிடையாது. ஆனா பண்ணவாடி பக்கம் போய் பாருங்க, தண்ணி நல்லா இறங்கின வருஷத்துல முழுகிப்போன நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், நிரம்பின வருஷத்துல கண்ணுக்கெட்டின தூரம் கடல் மாதிரி தண்ணி மட்டும்தான். நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவுல தண்ணிலயே போக்குவரத்து உண்டு, பைக்கயும் ஏத்திப்பாங்க, காத்து பலமா இருந்தா ஓட்ட மாட்டாங்க. வண்டிய படகுல நிறுத்திட்டு பக்கத்துல ஹேண்டில்பார புடிச்சுட்டு நின்னு அக்கரை போறது, மத்த மூணு இடத்துலயும் கிடைக்காத அனுபவம். ஆனா இதுக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல போக வர ஓட்டணும், மறுபடி அதே ஏழு மணி நேரக் கணக்கு.

வண்டியும் பின்சீட்டும்

எந்த மலைன்னு முடிவு பண்றதுல வண்டிக்கும் ஒரு ஓட்டு உண்டு. 100, 110 சிசி வண்டில ரெண்டு பேர் பையோட கொல்லி ஏறலாம், முதல் கியர்லயே பாதி நேரம் போகும், ஆனா ஏறிடும். பிரச்சனை இறங்கும்போதுதான். பின்னாடி டிரம் பிரேக்க மிதிச்சுக்கிட்டே 70 வளைவும் இறங்கினா நடுவுலயே கருகின வாசனை வரும், அப்புறம் மிதிச்சாலும் நிக்காது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, இன்ஜினே வண்டிய புடிச்சு வெச்சுக்கும், பிரேக்க வளைவுக்கு முன்னாடி மட்டும் தொட்டா போதும். பெட்ரோல் மிச்சம்னு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு இறங்குறவங்க இன்னும் இருக்காங்க, அவங்கள கூட கூட்டிட்டு போகாதீங்க. ஸ்கூட்டர்ல கியர் இல்லாததால இன்ஜின் அவ்வளவா புடிக்காது, அதனால ஸ்கூட்டர்னா ஜவ்வாது இல்ல ஏலகிரியோட நிறுத்திக்கோங்க, கொல்லி வேண்டாம்.

பின்சீட்ல வர்றவங்கள யாருமே கேக்கிறதில்ல. ஸ்போர்ட்ஸ் வண்டி பின்சீட்ல, அந்த உள்ளங்கை அகல சீட்ல, ஏழு மணி நேரம் உக்காந்து வர்றவங்ககிட்ட ஏற்காடு ஏரி எவ்ளோ அழகுன்னு சொல்லிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு. அவங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சுல தாங்காதுன்னா முதல் வட்டத்த தாண்டாதீங்க. ரெண்டு பேரோட பைய அவங்க முதுகுல மாட்டி விடாதீங்க, சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பை போடுங்க. டயர் வழுவழுன்னு தேஞ்சிருந்தா மழைக்காலத்துல எந்த மலைக்கும் வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற வழி

இதுவும் முடிவ மாத்துற விஷயம்தான். சேலம் பக்கம் போனவங்க எல்லாரும் ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டுல இருந்து பெருங்களத்தூர் வரைக்கும் கிளட்ச புடிச்சுக்கிட்டே வரணும், ஊருக்குப் போன மொத்த சென்னையும் அந்த நேரத்துலதான் திரும்பும், அந்த கடைசி 30 கிலோமீட்டர் 70 ஹேர்பின்ன விட கைய உடைக்கும். ஒகேனக்கல்காரங்களும் ஜவ்வாதுக்காரங்களும் பெங்களூர் ஹைவேல வருவாங்க, அங்க வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவுல பல வருஷமா ரோடு அகலப்படுத்துற வேலை, எந்த இடத்துல சர்வீஸ் ரோட்ல தள்ளி விடுவாங்கன்னு தெரியாது, இருட்டுல அது ஆபத்து.

ஜவ்வாதுல இருந்து வர்றவங்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கு. ஜமுனாமரத்தூர்ல இருந்து போளூருக்கு இறங்கி, ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம்னு வந்தா ஹைவேல வர்ற தூரம் ரொம்ப குறையும். ரெண்டு பக்கமும் வயல், புளிய மரம், ஊருக்கு ஊர் வேகத்தடை, வேகமா போக முடியாது, ஆனா அலுக்காது. ஞாயிறு மதியம் 12 மணிக்கு மலை இறங்கினா போளூர்ல சாப்பாடு, அஞ்சு மணிக்குள்ள காஞ்சிபுரம் தாண்டிடலாம், பொழுது சாயுறப்போ பூந்தமல்லி.